ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

சில மாதங்களாகத் திருவனந்தபுரத்திலுள்ள நமது கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் வைப்புத்தொகை வட்டியையும் நகைக்கடனையும் பற்றிக் கேட்டு முடித்தபின், கவுண்டரை விட்டு நகராமல் இன்னொரு கேள்வியையும் கேட்கின்றனர். "வீட்டுக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் வேறொன்றில் படிக்கிறான். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாமாமே, உண்மைதானா? அதில் நெட் பேங்கிங் செய்யலாமா?" சாலைக் கடைத்தெருவின் மொத்த வணிகரும் கரமனையில் வாழும் ஓய்வூதியரும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் கேட்கின்றனர்.

வைத்துக்கொள்ளலாம் என்பதே விடை. ஆனால் அவர்கள் அஞ்சும் இடம் ஒன்று, உண்மையான இடர் இருக்கும் இடம் வேறு. நெட் பேங்கிங் கெட்டுவிடுமோ என்று கவலைப்படுகின்றனர். பல ஆண்டுகளின் கணக்கும் குடும்ப ஆவணங்களும் ஒரே நொடியில் அழிந்துபோகக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இக்கட்டுரையில் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இக்கேள்வி இந்த நகரில் அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். அதே காலத்தில் கேரள அரசு 'ஐ.டி.அட் ஸ்கூல்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் விண்டோஸையும் பயன்படுத்திய பள்ளிகள், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. அத்திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. பூஜப்புரையில் அதன் தலைமையகம் இயங்குகிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் தயாரித்த இயங்குதளத்தை எவரும் விலையின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். கேரளத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாவதால், இங்குள்ள தமிழ்வழிப் பள்ளி மாணவரும் அதே மென்பொருள்களைக் கொண்டே ஓவியமும் கணிதமும் நிரல் எழுதுதலும் பயில்கின்றனர்.

தந்தையின் கடைக் கணக்கோ விண்டோஸில் இயங்கும் டாலியில் இருக்கிறது. வரித் தாக்கலுக்கு உதவும் மின்னணுக் கையொப்பக் கருவிக்கும் அதே விண்டோஸில்தான் மென்பொருள் நிறுவப்பட்டுள்ளது. வீட்டில் கணினி ஒன்று, தேவைகள் இரண்டு. இந்நிலையில்தான் இரட்டை இயக்கம், அதாவது 'டூயல் பூட்', பேச்சுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸ் 7-இன் எளிய பதிப்பும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. மாணவர் பலர் அந்த இரண்டாவதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எமது ஊகம். எனினும் இரண்டும் ஒரே வன்தட்டில் சண்டையின்றி வாழ்ந்தன.

அது எவ்வாறு இயலும்? கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். சுமார் 2012-க்குப் பின் விற்பனைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் யு.ஈ.எஃப்.ஐ. அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் சரிபார்த்தபின் வன்தட்டில் 'பூட் லோடர்' எனப்படும் ஏற்றியைத் தேடுகிறது. அந்த ஏற்றியே இயங்குதளத்தை அழைத்துவந்து நினைவகத்தில் அமர்த்துகிறது. லினக்ஸ் நிறுவப்படும்போது 'க்ரப்' என்னும் ஏற்றி வந்து சேர்கிறது. கணினி தொடங்கும்போது அது ஒரு பட்டியலைக் காட்டிச் சில நொடிகள் காத்திருக்கும். நாம் எதைத் தேர்கிறோமோ அது எழும், மற்றது உறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. ஒரு வீட்டை இரு குடும்பங்கள் முறை வைத்துப் பயன்படுத்துவது போன்றது இது. அறைகள் தனித்தனி, வாசல் மட்டும் ஒன்று.

அந்த அறைகளே 'பார்ட்டிஷன்' எனப்படும் வன்தட்டுப் பகுதிகள். பழைய பயாஸ் முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் ஏற்றியின் தொடக்கமும் பகுதிகளின் அட்டவணையும் அடங்கியாக வேண்டும். முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் கூடா. அந்தச் சிறிய இடத்தில் பிறகு வருபவர் முன்பு இருந்தவரை அழித்துவிட்டே எழுதுவார். "விண்டோஸை மறுபடி போட்டேன், லினக்ஸ் காணாமல் போயிற்று" என்னும் பழைய புலம்பலுக்கு இதுவே காரணம். லினக்ஸ் உண்மையில் காணாமல் போகவில்லை. அதற்கு வழிகாட்டும் பலகைதான் அழிந்தது. புதிய யு.ஈ.எஃப்.ஐ. முறையில் தனியாக ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டு, ஒவ்வோர் ஏற்றியும் அதில் தனக்கென ஒரு கோப்புறையை வைத்துக்கொள்கிறது. ஆகவே மோதல் குறைந்துள்ளது. ஆயினும் விண்டோஸை முதலில் நிறுவி, லினக்ஸைப் பின்னர் நிறுவுவதே இன்றும் எளிய வழி. விண்டோஸின் இரு பதிப்புகளை வைக்க விரும்புவோர் பழையதை முதலிலும் புதியதைப் பின்னரும் நிறுவ வேண்டும். புதிய ஏற்றிக்குப் பழைய பதிப்பை அழைக்கத் தெரியும். பழையதற்குப் புதியதைத் தெரியாது. விண்டோஸ் விஸ்டா இருந்த கணினியில் எக்ஸ்.பி.யைப் பின்னர் நிறுவியோர் இதை நேரடியாகவே கற்றுக்கொண்டனர். விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி உரிமம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பழைய பதிப்பை ஏன் வைத்திருக்கக் கூடாது என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு வங்கித்துறையின் சொந்த அனுபவமே நல்ல எடுத்துக்காட்டு. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. பணம் வழங்கும் இயந்திரங்களின் உள்ளேயும் ஒரு கணினிதான் இருக்கிறது, நாட்டின் ஏ.டி.எம். பலவற்றில் அப்போது எக்ஸ்.பி. ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூன் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி அனைத்து வங்கிகளுக்கும் ஒரு கால அட்டவணையை விதித்தது. செப்டம்பருக்குள் குறைந்தது நான்கில் ஒரு பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் அனைத்தும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்பது ஆணை. அதற்கும் முன்னதாக, பயாஸுக்குக் கடவுச்சொல் இடவும், யு.எஸ்.பி. துளைகளை முடக்கவும் உத்தரவிட்டிருந்தது. ஏனெனில் இயந்திரத்தின் அருகே நின்று ஒரு பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை எழுப்பிவிட முடியுமானால், உள்ளேயிருக்கும் காவலெல்லாம் வீணாகிவிடும். இரட்டை இயக்கத்தை இயலச்செய்யும் அதே கதவு திருடனுக்கும் திறக்கும். வீட்டுக் கணினியிலும் பயாஸ் கடவுச்சொல்லை இட்டுவைப்பது நன்று என்று நாம் சொல்வது இதனால்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. இடமும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் தேவை. 2017-க்கு முன் வாங்கிய நல்ல கணினிகள் பலவும் இத்தேர்வில் தோற்கின்றன. இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் புதியதை ஏற்க மறுக்கிறது. அத்தகைய கணினியில் இணையப் பணிகளுக்கு ஆதரவுள்ள ஒரு லினக்ஸையும், பழைய கணக்கு மென்பொருளுக்காக மட்டும் இணைய இணைப்பின்றிப் பழைய விண்டோஸையும் வைத்துக்கொள்வது நமது பார்வையில் முற்றிலும் நியாயமான ஏற்பாடு. அந்தப் பழைய விண்டோஸில் வைஃபையை நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டும். "அவசரத்துக்கு ஒரே ஒரு முறை" என்று அதில் வங்கித் தளத்தைத் திறப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் எந்தப் பயனும் இல்லை.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட இடருக்கு வருவோம். வாடிக்கையாளர் ஒருவர் தமது கடைக் கணினியில் லினக்ஸையும் நிறுவித் தருமாறு பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். நிறுவும்போது இரு தெரிவுகள் திரையில் வரும். ஒன்று, இருப்பதன் அருகே நிறுவு என்பது. மற்றொன்று, தட்டை முழுவதும் அழித்து நிறுவு என்பது. அவசரத்தில் இரண்டாவது அழுத்தப்பட்டுவிட்டது. மறுநாள் அவர் கிளைக்கு வந்து, ஆறு ஆண்டுகளின் கணக்கு அறிக்கைகளையும் அச்சிட்டுத் தர இயலுமா என்று கேட்டார். அதை நம்மால் தர முடிந்தது. சரக்கிருப்பையும், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற நிலுவைப் பட்டியலையும் எந்த வங்கியாலும் தர முடியாது. நிலுவையைத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டவர்களிடம் மட்டும் அவரால் வசூலிக்க முடிந்தது.

ஆகவே எதற்கும் முன்பாக நகல் எடுக்க வேண்டும். ஆவணங்கள், ஒளிப்படங்கள், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை ஆகியவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தத் தட்டை வேறொரு கணினியில் செருகிக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பிவிட வேண்டாம். நிறுவும் வேளையில் அந்த வெளித்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவைத்துவிடுங்கள். தவறான தட்டைத் தேர்ந்தெடுத்து, நகலையே அழித்துக்கொண்டவர்களும் உண்டு.

அடுத்தது 'பிட்லாக்கர்'. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் நாம் கேளாமலே வன்தட்டைப் பூட்டிவைக்கிறது. அன்றாடம் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணினி தொடங்கும் முறையில் மாற்றம் நேர்ந்தால், யாரோ தட்டைத் திருடிவிட்டனரோ என்று ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையேல் தரவும் இல்லை. தயாரிப்பாளராலும் மீட்டுத் தர இயலாது. பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி, பாஸ் புத்தகத்துடன் வைத்துக்கொள்வது நன்று. கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதீர் என்று ஓயாது சொல்லும் நாமே இதை எழுதச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். இந்த எண் வங்கிக் கணக்கைத் திறக்காது, அந்த ஒரு தட்டை மட்டுமே திறக்கும். ஆகவே தாள் பாதுகாப்பானதே.

பிறகு விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் வசதியை நிறுத்த வேண்டும். அது இயங்கும்வரை, நாம் கணினியை அணைத்துவிட்டதாக எண்ணும்போதும் விண்டோஸ் முழுவதும் உறங்குவதில்லை. தன் நிலையைத் தட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் வந்து அதே பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். அதன்பின் விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகவே பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்க வேண்டும். உபுண்டுவுக்கு 25 ஜி.பி. போதும் என்பது அதன் தயாரிப்பாளரின் பரிந்துரை. மாணவரின் பாட மென்பொருள்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து இரு மடங்கு ஒதுக்குவது நல்லது.

நிறுவுவதற்கான கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பதிவிறக்கிப் பென் டிரைவில் எழுத வேண்டும். கைட் தளத்தைத் தேர்வோர் எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும். 2019-இல் பள்ளிகளுக்கு வந்த 18.04 பதிப்பு, அதே எண்ணுள்ள உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அந்த உபுண்டுவுக்கான வழக்கமான ஆதரவு 2023-இலேயே முடிந்தது. பின்னர் வந்த 22.04-ஐயே நாட வேண்டும். கட்டற்றது என்பதால் அது காலாவதியாகாது என்று பொருளன்று. பதிப்பின் எண்ணே அது வெளியான ஆண்டையும் மாதத்தையும் காட்டுவதால் கணக்கிடுவது எளிது. அத்துடன் ஐந்து ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், எதையும் நிறுவாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி வேலைசெய்கிறதா, வைஃபை கிடைக்கிறதா, தமிழ்99 தட்டச்சு அமைகிறதா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் சோதியுங்கள். இந்த வசதிக்கு வங்கிப் பயன்பாட்டில் ஒரு பழைய வரலாறும் உண்டு. 2009-இல் அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் கணக்குகளிலிருந்து விண்டோஸ் வைரஸ்கள் மூலம் பணம் திருடப்பட்டபோது, வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிவந்த பிரயன் கிரெப்ஸ், வங்கிப் பணிக்கு மட்டும் லினக்ஸ் குறுந்தட்டிலிருந்து கணினியைத் தொடங்குமாறு தொழில்முனைவோருக்கு அறிவுறுத்தினார். ஒவ்வொரு முறையும் தூய நிலையில் எழும் தளத்தில் வைரஸ் தங்க இடமில்லை என்பதே அதன் அடிப்படை. அக்கருத்து இன்றும் செல்லும். சோதனை நிறைவளித்தால், 'அருகே நிறுவு' என்னும் தெரிவைப் படித்து, மறுபடியும் படித்து, பிறகு அழுத்துங்கள்.

நிறுவியபின் முதலில் கண்ணில் படும் கோளாறு கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கலாம். கணினியின் உட்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. இணையத்துடன் இணைந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இணையமற்ற பழைய விண்டோஸில் இரவில் இட்ட பதிவு மாலையில் இட்டதாகவும், அதிகாலையில் இட்டது முந்தைய நாளினதாகவும் பதிவாகும். நிதியாண்டின் முதல் நாள் காலையில் அது வெறும் கடிகாரப் பிழையாக நிற்காது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒரு முறை ஆணையிட்டால் தீர்ந்தது.

லினக்ஸ் விண்டோஸின் கோப்புகளைப் படிக்கும். விண்டோஸுக்கோ லினக்ஸின் பகுதியைப் படிக்கத் தெரியாது. சில வேளைகளில் அதை வெற்றுத் தட்டென்று கருதி, 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். மற்றொன்று, 2024 ஆகஸ்டில் நிகழ்ந்தது. அம்மாதம் வெளியான விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, இரட்டை இயக்கக் கணினிகளைத் தொடாது என்று அறிவிக்கப்பட்டிருந்தும், அவற்றுள் பலவற்றில் லினக்ஸ் எழாதபடி செய்துவிட்டது. தரவு அழியவில்லை, வழிதான் அடைபட்டது. லினக்ஸ் பென் டிரைவை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தாமல் மேசைக்குள் வைத்திருக்கச் சொல்வது இத்தகைய நாளுக்காகவே.

நெட் பேங்கிங்கைப் பொறுத்தவரை, திருத்தங்களைத் தொடர்ந்து பெறும் எந்தத் தளத்திலும் செய்யலாம். லினக்ஸிலிருந்து முதன்முறை நுழையும்போது 'புதிய சாதனத்திலிருந்து நுழைவு' என்று குறுஞ்செய்தி வந்தால் திகைக்க வேண்டாம், அது நீங்களே. ஆனால் எவ்வியங்குதளமும் ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் சொல்லிவிடும் நாவைத் தடுக்காது. 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் தொலைவிலிருந்தே சரிசெய்கிறோம்' என்று அழைத்து, திரையைப் பகிரச் செய்யும் மோசடி இப்போது பரவியுள்ளது. நமது வங்கியோ மென்பொருள் நிறுவனமோ அவ்வாறு அழைப்பதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாது 1930 என்னும் எண்ணையும் கிளையையும் அழையுங்கள். வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இன்றி மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறுகிறது, ஓ.டி.பி.யைத் தாமே தந்தவருக்கு, வங்கியிடம் அறிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே.

இவ்வளவு முயற்சி வேண்டாம் என்போருக்கு வேறு வழியும் உண்டு. 8 ஜி.பி.க்கு மேல் நினைவகமுள்ள கணினியாயின், 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்னும் விலையற்ற மென்பொருளில் ஒரு சாளரத்துக்குள்ளேயே இரண்டாவது தளத்தை இயக்கலாம். தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை, ஏற்றியைத் தொட வேண்டியதில்லை. பிள்ளையின் பாடத்துக்கு மட்டும் என்றால் நாம் இதையே பரிந்துரைப்போம். இதன் குறை வேகந்தான்.

இரட்டை இயக்கத்தை அமைத்தபின் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், விண்டோஸிலிருந்தபடி அதன் பகுதியை உடனே அழித்துவிடாதீர்கள். க்ரப் தன் பட்டியலை அங்கிருந்துதான் எடுக்கிறது. பட்டியல் போனால் கறுப்புத் திரை மட்டுமே எஞ்சும். முதலில் பயாஸ் அமைப்பில் விண்டோஸின் ஏற்றியை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பயாஸ் கணினியாயின், விண்டோஸின் நிறுவல் தட்டைக் கொண்டு அதன் ஏற்றியை மீண்டும் எழுத வேண்டும். பிறகு ஒரு முறை அணைத்துத் தொடங்கி, விண்டோஸ் தானாகவே எழுகிறது என்று உறுதிசெய்துகொண்டபின் லினக்ஸ் பகுதியை நீக்கலாம்.